விடை மட்டும் போதாது, ஸ்டெப் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அந்த வேலை தெரியாத நம் பெரியம்மா, சித்தப்பாக்களுக்கும் புரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். புரியாத இடத்தில் கமெண்டில் கேளுங்கள்.

தலைப்பைப் பார்த்ததும் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். விடை சரியாக இருந்தாலும் ஸ்டெப் இல்லையென்றால் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். "விடை சரிதானே டீச்சர்?" என்று சண்டைக்கு வந்தவர்கள் இன்று பெரிய பெரிய கம்பெனிகளில் இருக்கிறார்கள். விடை சரி என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் நீ அந்த விடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்பது தெரியாதே. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா, இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியாக வந்ததா, எப்படித் தெரியும்? ஸ்டெப் இருந்தால் நீ தப்பு செய்த இடத்தை நான் காட்டலாம். ஸ்டெப் இல்லாத விடையைத் திருத்தவே முடியாது. ஒன்று நம்பவேண்டும், இல்லை தள்ளவேண்டும்.

இன்று நான் பேச வந்த விஷயமும் அதுதான். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிக்கொண்டு எல்லோர் பார்வைக்கும் வைக்கிற ரெப்போவில், வெளியார் யாரோ கம்பைல் செய்து கொடுத்த பைனரி ஃபைலைக் கொண்டுவந்து போடலாமா?

முதலில் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புரோகிராமர் உட்கார்ந்து எழுதுவது சோர்ஸ் கோட், அதாவது மூலநிரல். அதை மனிதர் படிக்கலாம். அதை மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. மாற்றிய பிறகு கிடைப்பது பைனரி. விண்டோஸில் டிஎல்எல், எக்ஸி என்றும், லினக்ஸில் எஸ்ஓ என்றும், ஜாவாவில் ஜார் என்றும் பல பெயர்களில் வரும். சமையலறைக் கணக்கில் சொன்னால், சோர்ஸ் என்பது முழு மிளகாய். பைனரி என்பது அரைத்த தூள். மிளகாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொத்தையா, பூஞ்சையா என்று தெரியும். தூளில் செங்கல்பொடி கலந்திருந்தாலும் நிறம் சிவப்பாகத்தான் இருக்கும். லேபுக்கு அனுப்பித்தான் கண்டுபிடிக்கவேண்டும். பைனரியும் அப்படித்தான். அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, ஆனால் அது நிபுணர் வேலை, நாள்கணக்கில் ஆகும்.

ரெப்போ என்பது அந்தச் சோர்ஸ் கோடை வைக்கும் இடம். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் பதிந்து வைக்கும் நோட்டு. கிட்ஹப் போன்ற தளங்களில் அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஊர் நூலகத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து வருகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். புத்தகப் பதிவு, யார் எடுத்துப் போனார்கள், எப்போது திருப்பவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. புத்தக முதுகில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க ஒரு சின்ன பிரிண்டர் வாங்கினார்கள். விற்றவர் பென்டிரைவில் ஒரு டிஎல்எல் கொடுத்தார். அது இருந்தால்தான் நம் சாஃப்ட்வேரிலிருந்து அந்தப் பிரிண்டருக்கு நேரடியாக அச்சுப் போகும். ஒரு தம்பி அதை அப்படியே ரெப்போவில் சேர்த்துவிட்டான். இன்னொரு பெண், அவளும் என் மாணவிதான், அதை நீக்கிவிட்டாள். அவன் மறுபடி சேர்த்தான். வாட்ஸ்ஆப் குரூப்பில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. "சும்மா ரூல்ஸ் பேசாதே, நூலகத்துக்கு வேலை நடக்கணும்" என்றான் அவன். "பிள்ளைகளுடைய பேர், வீட்டு விலாசம், அப்பா அம்மா போன் நம்பர் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர் அது, தெரியாத ஃபைலை அதில் ஓடவிடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் குரூப்பை விட்டே போய்விட்டாள்.

இருவருமே எனக்குப் போன் செய்தார்கள். "டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். எனக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயங்களைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. படித்ததை வைத்து என் கருத்தை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான்: சோர்ஸ் இல்லாத பைனரியை ரெப்போவுக்குள் வைக்கக்கூடாது. தவிர்க்கவே முடியாத இடத்தில், அது எங்கிருந்து வந்தது, எந்த அனுமதியின் பேரில் இங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பது பக்கத்திலேயே எழுதி இருக்கவேண்டும். மற்ற ஃபைல்களோடு கலக்காமல் தனியாக இருக்கவேண்டும். எழுதமுடியாவிட்டால் அது உள்ளே வரக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். நடந்த சம்பவங்களைச் சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்று ஒரு கருவி. ஃபைலைச் சுருக்கி வைக்கும் சாதாரண வேலைதான் செய்யும். ஆனால் உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்பவர் பல வருடங்களாகச் சம்பளம் இல்லாமல் அதைப் பராமரித்து வந்தார். 2021ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். உண்மையான பெயர்தானா, ஒரே ஆளா என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். 2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும் ஒரு கள்ளச்சாவியை வைத்துவிட்டார். அந்தச் சாவி கையில் இருப்பவர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் புகுந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆபத்து அளவில் அதற்குக் கொடுத்த மதிப்பெண் 10க்கு 10.

அதை எங்கே ஒளித்து வைத்தார் தெரியுமா? சோதனைக்கென்று வைத்திருந்த இரண்டு பைனரி ஃபைல்களில். சுருக்கும் கருவிக்குச் சோதனை செய்ய நல்ல ஃபைல், கெட்டுப்போன ஃபைல் என்று மாதிரிகள் வேண்டும் அல்லவா? அந்த மாதிரிகளுக்கு நடுவே கம்பைல் செய்த கள்ளநிரல் உட்கார்ந்திருந்தது. ரெப்போ எல்லோருக்கும் திறந்தே இருந்தது. ஆனால் படிக்கமுடியாத ஃபைலை யார் படிப்பார்கள்? எல்லோர் கண்ணும் அதைத் தாண்டிப் போய்விட்டது. அதை எடுத்து வெளியே விடும் சிறு நிரலை ரெப்போவில்கூட வைக்கவில்லை. பதிப்பாக வெளியிட்ட தொகுப்பில் மட்டும் சேர்த்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர், மைக்ரோசாஃப்ட் ஊழியர். எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடாமல் துருவிக்கொண்டே போய், 2024 மார்ச் 29ந்தேதி உலகத்துக்குச் சொன்னார். அதற்குள் டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளில் அது ஏறிவிட்டிருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

அது வெளியார் லைப்ரரி இல்லையே, சோதனை ஃபைல்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் பாடம் ஒன்றுதான். ரெப்போவில் படிக்கமுடியாத ஃபைல் இருப்பது சகஜம் என்று ஆகிவிட்டால், கெட்டவன் ஒளிந்துகொள்ள அதைவிடச் சௌகரியமான இடம் வேறில்லை. பைனரியே இல்லாத ரெப்போவில் ஒரு பைனரி வந்தால் உடனே கண்ணில் உறுத்தும். ஐம்பது பைனரி இருக்கும் இடத்தில் ஐம்பத்தொன்றாவதை யாரும் கேட்கமாட்டார்கள்.

"அது திருடன் கதை டீச்சர், நாங்க நல்லவங்கதானே" என்று சொல்வீர்கள். நல்லவர்கள் கதையும் ஒன்று இருக்கிறது. ரஸ்ட் மொழியில் செர்டே என்ற லைப்ரரியைப் பயன்படுத்தாதவர்கள் அரிது. அதன் ஒரு பகுதியைக் கம்பைல் செய்ய நேரம் பிடிக்கிறது என்பதால், 2023ல் அதைப் பராமரிப்பவர் முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரியை லினக்ஸ்காரர்களுக்குச் சேர்த்து வெளியிட்டார். நேரம் மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பயன்படுத்துகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். "இந்தச் சோர்ஸிலிருந்துதான் இந்தப் பைனரி வந்தது என்று நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேட்டார்கள். பைனரியை ஏற்கக்கூடாது என்ற விதி இருக்கும் ஃபெடோரா போன்ற அமைப்புகளுக்கு அதை விநியோகிப்பதே சிக்கலானது. அந்த ஆகஸ்ட் மாதமே 1.0.184 பதிப்பில் பைனரியை நீக்கிவிட்டார்கள். அந்த மனிதர்மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நம்பிக்கை என்பது வேறு, சரிபார்ப்பது என்பது வேறு. வகுப்பிலேயே முதல் மாணவனாக இருந்தாலும் ஸ்டெப் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஓட்டை வந்தால் அடைப்பது எப்படி என்ற பிரச்சினை. 2021 டிசம்பரில் ஜாவா உலகத்தையே உலுக்கிய லாக்4ஜே விவகாரம் ஞாபகம் இருக்கும். அந்த வாரம் என் மாணவர்கள் எத்தனை பேர் தூங்காமல் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். திருத்திய பதிப்பு உடனே வந்துவிட்டது. ஆனால் "நம்மிடம் அது எங்கே எங்கே இருக்கிறது?" என்பதற்குத்தான் பல இடங்களில் பதில் இல்லை. ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜார், அதற்குள் இன்னொன்று என்று புதைந்து கிடந்தது. முறையாகப் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதி, பேக்கேஜ் மேனேஜர் வழியாக எடுத்திருந்தால் ஒரு தேடலில் கிடைத்துவிடும். யாரோ எப்போதோ கையால் கொண்டுவந்து போட்ட பைனரி, பெயர் மாறிக்கூடக் கிடக்கும். எச்சரிக்கை கொடுக்கும் கருவிகள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலைத்தான் படிக்கும். பட்டியலில் பெயரில்லாத பையன் வகுப்புக்கு வராவிட்டாலும் தெரியாது, வந்து கலாட்டா செய்தாலும் தெரியாது.

நான்காவது, சட்டம். இதைத்தான் நம் பிள்ளைகள் அதிகம் மறக்கிறார்கள். பொது ரெப்போவில் ஒரு ஃபைலை வைப்பது என்றால் உலகத்துக்கே அதை விநியோகிக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரிண்டர் விற்றவர் உங்களுக்குக் கொடுத்தது பயன்படுத்திக்கொள்ள. ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்க அனுமதி கொடுத்தாரா? ஜிபிஎல் உரிமத்தில் வந்த பைனரியாக இருந்தால் அதன் சோர்ஸும் கிடைக்கும்படி செய்வது உங்கள் கடமையாகிவிடும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராளமான உரிமங்கள்கூட, எழுதியவர் பெயரும் உரிம வாசகமும் கூடவே இருக்கவேண்டும் என்றுதான் சொல்கின்றன. ரெப்போவின் முகப்பில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் லைசென்ஸ் இந்த வெளி ஃபைலுக்குச் செல்லாது. பார்க்கிறவர்கள் செல்லும் என்று நம்பி எடுத்துப் போவார்கள். அது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஐந்தாவது, இடம். கிட் என்பது எதையும் மறக்காத நோட்டு என்று சொன்னேன் அல்லவா? எழுத்தில் பத்து வரி மாறினால் அந்தப் பத்து வரிக்கு உண்டான இடத்தைத்தான் கடைசியில் பிடிக்கும். பைனரியை அப்படிச் சுருக்குவது கஷ்டம். 20 எம்பி ஃபைலை ஐந்து முறை புதுப்பித்தால் கிட்டத்தட்ட 100 எம்பி ஏறிவிடலாம். பிறகு டிலீட் செய்தாலும் பழைய பக்கங்களில் அது இருந்துகொண்டே இருக்கும். புதிதாக எடுப்பவர் அத்தனையையும் சுமக்கவேண்டும். முழுவதும் அகற்ற வேண்டுமானால் சரித்திரத்தையே திருத்தி எழுதவேண்டும். எல்லோரும் மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டும். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைக் கிட்ஹப் வாசலிலேயே தடுத்துவிடும். அதுபோக, இன்டெல் பிராசசருக்குக் கம்பைல் செய்தது ராஸ்பெரி பையில் ஓடாது. விண்டோஸ் டிஎல்எல் லினக்ஸில் நேரடியாக ஓடாது. சோர்ஸ் இருந்தால் எல்லாவற்றுக்கும் கம்பைல் செய்துகொள்ளலாம்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் டீச்சர் இல்லை.

முதல் நியாயம்: "வெளியே இருப்பதை நம்பினால் ஒருநாள் காணாமல் போகும்." உண்மைதான். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் அதை என்பிஎம் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பேருடைய வேலை நின்றுபோனது. நெட் சரியாக வராத ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். அதனால் நகல் வைத்துக்கொள்வது தப்பே இல்லை. ஆனால் சோர்ஸின் நகலை வையுங்கள். கோ மொழிக்காரர்கள் வெண்டர் என்று ஒரு ஃபோல்டர் வைத்து, வெளி லைப்ரரிகளின் சோர்ஸை அதில் வைத்துக்கொள்கிறார்களே, அப்படி வைக்கலாம். பைனரிதான் தேவை என்றால் ரெப்போவுக்குள் திணிக்காமல், கிட்ஹப்பில் ரிலீஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அங்கே வையுங்கள். உரிமம் இடம் கொடுக்கவேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நியாயம்: "சோர்ஸ் இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? கம்பைலரே கள்ளனாக இருந்தால்?" இது மிகப் பெரியவர் கேட்ட கேள்வி. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்ற உரையில் இதைத்தான் பேசினார். அது 1984ல் அச்சில் வந்தது. சோர்ஸில் ஒரு தடயமும் இல்லாமல் கம்பைலர் வழியாகக் கள்ளச்சாவி வைக்கமுடியும் என்று காட்டினார். அதைக் கேட்டு யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஒரே சோர்ஸை யார் எங்கே கம்பைல் செய்தாலும் ஒரு பைட்கூட மாறாமல் அதே பைனரி வரவேண்டும் என்று 2013லிருந்து டெபியன்காரர்கள் பாடுபட்டு வருகிறார்கள். க்னூ கைக்ஸ் குழுவினர் 2023ல், வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதையிலிருந்து படிப்படியாக எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே கட்டி எழுப்பிக் காட்டினார்கள். பூட்டை உடைக்கத் தெரிந்தவன் இருக்கிறான் என்பதற்காக யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார்களா?

மூன்றாவது நியாயம்தான் வலுவானது: "சோர்ஸ் தரவேமாட்டேன் என்கிறான் கம்பெனிக்காரன், ஆனால் அது இல்லாமல் வேலை நடக்காது." லினக்ஸ் கெர்னலுக்கே இந்தச் சங்கடம் உண்டு. வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற பலவற்றுக்கு ஃபர்ம்வேர் என்ற பைனரி தேவை. அவர்கள் அதைக் கெர்னல் சோர்ஸோடு கலந்து வைக்கவில்லை. லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்று தனி ரெப்போ வைத்தார்கள். கெர்னலுக்குள் மிச்சமிருந்த ஃபர்ம்வேர் ஃபோல்டரையும் 2017ல் 4.14 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். அந்தத் தனி ரெப்போவில் வென்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. "எங்கிருந்து" என்று அர்த்தம் தரும் பழைய ஆங்கிலச் சொல் அது. ஒவ்வொரு பைனரியும் எந்த டிரைவருக்கு, என்ன உரிமம் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளியில் புதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது டிசி கேட்கிறோமே, அதே கேள்விதான்: நீ எங்கிருந்து வருகிறாய்?

டெபியனும் கொள்கையில் மிகக் கறாரானது. 2022ல் ஓட்டெடுப்பு நடத்தி, இன்ஸ்டால் செய்யும்போதே ஃபர்ம்வேர் கிடைக்க அனுமதித்தார்கள். ஆனால் அதற்கென்று தனிப் பிரிவு, தனிப் பெயர்ப்பலகை. 2023ல் வந்த டெபியன் 12ல் அது நடைமுறைக்கு வந்தது. ஜாவா உலகத்தில் கிரேடில் ராப்பர் என்று ஒரு சின்ன ஜாரை ரெப்போவிலேயே வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதிகாரபூர்வ ஜாரின் ஹாஷை அவர்களே வெளியிட்டு, தானாகச் சரிபார்க்கும் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். விதிவிலக்கு இருக்கலாம். ஆனால் அதற்குத் தனி இடமும் பெயர்ப்பலகையும் சரிபார்க்க வழியும் இருக்கவேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, வெளியார் பைனரி எதையாவது ரெப்போவில் சேர்க்கக் கை போகும்போது இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். வாயால் சொல்லாதீர்கள், பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள்.

1. இது இல்லாமல் முடியாதா? பேக்கேஜ் மேனேஜர் வழியாகவோ, சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தோ பெறமுடியாதா?

2. எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்தப் பதிப்பு எடுத்தது? "நண்பன் கொடுத்தான்" என்பது பதில் இல்லை.

3. ஊருக்குப் பங்கிட உரிமம் அனுமதிக்கிறதா? உரிம வாசகம் கூடவே இருக்கிறதா?

4. அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷ் என்ன? செய்தவர்கள் வெளியிட்ட ஹாஷோடு ஒத்துப்போகிறதா? ஹாஷ் என்பது கைரேகை மாதிரி. அதே ஆள்தான் என்று சொல்லும். நல்ல ஆளா என்று சொல்லாது. இதை மறக்கவேண்டாம்.

5. சோர்ஸ் இருந்தால், அதிலிருந்து இதே ஃபைலை மறுபடி உருவாக்கும் வழி எழுதியிருக்கிறதா? வேறொருவர் செய்து பார்த்தாரா?

6. நாளைக்கு இதில் ஓட்டை என்று செய்தி வந்தால் மாற்றவேண்டிய பொறுப்பு யாருடையது? பெயர் எழுதுங்கள்.

ஆறில் முதல் கேள்வியிலேயே முக்கால்வாசி ஃபைல் அடிபட்டுவிடும் என்பது என் கணிப்பு. ஏற்கெனவே இருக்கும் ரெப்போக்களையும் ஒருமுறை பாருங்கள். ஸ்கோர்கார்ட் என்று ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பின் இலவசக் கருவி இருக்கிறது. ரெப்போவில் பைனரி இருந்தால் மதிப்பெண் குறைத்துக் காட்டும். கணக்கு டீச்சருக்குப் பிடித்த கருவி!

இனி நம் நூலக விவகாரம். என் தீர்ப்பு அந்தப் பெண்ணின் பக்கம்தான். டிஎல்எல் ரெப்போவில் இருக்கக்கூடாது. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் விவரம். அவர்களின் பெற்றோர் நம்மை நம்பித்தான் போன் நம்பர் கொடுத்தார்கள். அந்த டிஎல்எல் ஒரு பாவமும் அறியாததாக இருக்கலாம். இருக்கலாம் என்பதைத் தாண்டி நம்மால் ஒன்றும் சொல்லமுடியவில்லையே, அதுதான் பிரச்சினை.

ஆனால் அந்தத் தம்பியின் கேள்வியும் நியாயமானது: லேபிள் எப்படி அச்சடிப்பது? லேபிளை பிடிஎஃப் ஆக எடுத்து, ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் சாதாரண பிரிண்டரிலேயே அச்சடிக்கும் வழியை முதலில் செய்யுங்கள். அதற்கு எந்த டிஎல்எல்லும் வேண்டாம், வேறு ஊர் நூலகமும் பயன்படுத்திக்கொள்ளும். புதுப் பிரிண்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த வசதியைத் தனித் துண்டாகப் பிரித்து வையுங்கள். டிஎல்எல்லை எங்கே பெறவேண்டும் என்று ரீட்மீயில் எழுதினால் போதும். அதையும் பிள்ளைகளின் விவரம் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். விற்றவரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள்: உங்கள் டிஎல்எல்லின் பதிப்பு என்ன, பங்கிட அனுமதி உண்டா, சோர்ஸ் தருவீர்களா? கேட்பதில் ஒன்றும் குறைந்துபோகாது. சோர்ஸ் கிடைத்தால் நமக்கு லாபம்.

ஒரு விஷயம் மனசில் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்இசட் கதையில் என்னை அதிகம் பாதித்தது கள்ளச்சாவி இல்லை. 2022ல் லாஸ்ஸே காலினைச் சிலர் "வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடு" என்று பொதுவில் நச்சரித்தார்கள். தன் மனநலம் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத வேலை என்றும் அவர் பதில் எழுதினார். அந்தச் சோர்வின் வழியாகத்தான் திருடன் உள்ளே வந்தான். நச்சரித்தவர்கள் அவனுடைய கூட்டாளிகளோ என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது.

அதனால், "வேண்டாம்" என்று சொல்கிறவரை "ரூல்ஸ் பேசுகிறாள்" என்று விரட்டாதீர்கள். ஒரு குழுவில் கேள்வி கேட்கிற ஒருவர் இருப்பது அந்தக் குழுவின் அதிர்ஷ்டம். "வேண்டாம்" என்று சொல்கிறவர்களும் ஃபைலை நீக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள், மாற்று வழி ஒன்று காட்டுங்கள். நான் உங்கள் நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் போட்டுக் கொடுத்ததில்லை. தப்பு எங்கே என்று வட்டம் போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

வேலையில் மேலதிகாரியாக இருக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கம்பெனி இலவசமாக எடுத்து ஓட்டும் லைப்ரரிகளுக்குப் பின்னால் எங்கோ ஒரு மனிதர் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார். பணமோ, ஆள் உதவியோ, குறைந்தபட்சம் ஒரு நன்றிக் கடிதமோ அனுப்புங்கள். காவல்காரன் பசியோடு இருந்தால் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

நம் சொந்தங்களுக்கு: "இதில் எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். யார் அனுப்பினார்கள் என்று தெரியாமல் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டு இன்ஸ்டால் செய்கிறீர்களே, அதுவும் கம்பைல் செய்த பைனரிதான். கல்யாணப் பத்திரிகை என்று பெயர் இருந்தாலும் திறக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். இந்தப் பதிவில் உங்களுக்கு வேறொன்றும் புரியாவிட்டாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருத்து மாறுபடுபவர்கள் தாராளமாகக் கமெண்டில் எழுதுங்கள். ஆனால் காரணத்தோடு எழுதுங்கள். வெறும் "தப்பு டீச்சர்" என்று மட்டும் எழுதினால் என்ன கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்